எந்தக் காலை நம்புவது?



சில மாதங்களுக்கு முன் ஒரு திருச்சபையில் நம்முடைய ஆஸ்பத்திரி ஊழியத்தைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்தேன். கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது, கணக்கு வழக்கில் தேர்ந்த ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயரே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆபரேஷன் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த நோயாளியை வாரக்கணக்கில் வைத்துச் சோறு போட்டு, காலை ஆட்டு, கையை ஆட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அந்தச் செலவு எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காணிக்கை கொடுக்கிறவர் கேட்கத்தான் வேண்டும். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் இறையியல் படித்தவனேயல்லாமல் மருத்துவம் படித்தவன் அல்ல. ஆகவே நம்முடைய பிசியோதெரபி சகோதரியிடம் கேட்டும், அவர் தந்த சில கட்டுரைகளை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர், நடுத்தர வயதுக்காரர். தொழுநோய் வந்து, கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணமானவர். ஆனால் கிருமி சாவதற்குள் முழங்காலின் வெளிப்புறத்தில் ஓடும் நரம்பு கெட்டுவிட்டது. அதனால் ஒரு பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. நடக்கும்போது பாதம் தொங்கி, விரல்கள் தரையில் இழுபடும். இந்த நிலைக்குத் தசைநாண் மாற்று அறுவை என்று ஒரு சிகிச்சை உண்டு. கெண்டைக்காலின் உள்ளே ஆழத்தில் ஒரு தசை இருக்கிறது. பாதத்தை உட்பக்கம் திருப்புவதும் கீழ்நோக்கி அழுத்துவதும் அதன் வேலை. அதற்கு வேறு நரம்பு என்பதால் அது கெடாமல் தப்பிவிடுகிறது. அதன் நாணை அறுத்து எடுத்து, முன்பக்கம் கொண்டுவந்து, பாதத்தின் மேற்புறத்தில் பொருத்துகிறார்கள். இத்தனை காலம் பாதத்தைக் கீழே தள்ளிய தசை இனி அதை மேலே தூக்க வேண்டும்.

சில வாரங்கள் கழித்து மாவுக்கட்டைப் பிரித்த அன்று நான் அருகில் இருந்தேன். "காலைத் தூக்குங்க" என்றார் பிசியோதெரபி சகோதரி. அவர் முகம் சிவக்க முயன்றார். பாதம் அசையவில்லை. "சரி, தூக்க வேணாம். உள்பக்கமா திருப்பற மாதிரி நெனைங்க" என்றார். பாதம் மெல்ல மேலே எழும்பியது! அவர் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாமி, தூக்குன்னா தூக்க மாட்டேங்குது, திருப்புன்னா தூக்குது. நான் எதைத்தான் நம்பறது?" என்றார். (எங்கள் ஊரில் கிறிஸ்தவ ஊழியக்காரர் எல்லாரும் பெரும்பாலானவர்களுக்குச் சாமிதான். நான் திருத்துவதில்லை.)

அந்தப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த மீனவரின் கேள்விக்குள் இருக்கிறது.

நாம் கையை நீட்டி ஒரு டம்ளரை எடுக்கிறோம். கண் பார்த்தது, கை போனது, அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். உண்மையில், கண் கண்ட செய்தி மூளைக்குப் போய், அங்கிருந்து திருத்தம் கைக்கு வந்து சேர ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. அதற்குள் கை பாதி தூரம் போய்விடும். அதுவுமன்றி, கண்ணும் தோலும் மூட்டுகளும் அனுப்புகிற செய்திகள் ஒருபோதும் துல்லியமானவை அல்ல. தசையும் சொன்னதைச் சொன்னபடி ஒவ்வொரு தடவையும் செய்வதில்லை. ஆகவே மூளை ஊகித்தபடியேதான் வேலை செய்கிறது. கை இப்போது இங்கே இருக்கும், இவ்வளவு பலம் கொடுத்தால் அங்கே போகும் என்று முன்கூட்டியே கணித்து, பிறகு நடந்ததோடு ஒப்பிட்டு, தவறு இருந்தால் அடுத்த தடவைக்குத் திருத்திக்கொள்கிறது. இந்தத் திருத்தும் வேலையில் தலையின் பின்புறத்தில் உள்ள சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. அது பழுதானவர்களுக்கு இப்படிப் பழகிக்கொள்வது மிகவும் கடினமாகிவிடுகிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு நான் ஓர் உதாரணம் எளிதாகச் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பெத்தாங் விளையாட்டை இன்றும் இங்கே மாலையில் ஆடுகிறார்கள். முக்கால் கிலோவை ஒட்டிய இரும்புக் குண்டை ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்தில் கிடக்கும் ஒரு சிறு மரக் குண்டின் அருகே போய் நிற்கும்படி வீச வேண்டும். தரையோ சரளை. பழகிய ஆட்டக்காரர் ஒருவர் வீசிய குண்டு ஒரு முழம் தள்ளிப் போனால் என்ன செய்வார்? உடனே கையை ஒரு முழம் மாற்றிவிட மாட்டார். கல்லில் பட்டுத் திரும்பியதா, கை தவறியதா என்று பார்ப்பார். கல்லின் குற்றம் என்றால் கையை மாற்ற மாட்டார். கையின் குற்றம் என்றால் மாற்றுவார். எது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் கொஞ்சமாக மாற்றுவார். ஒரு தவறிலிருந்து எவ்வளவு கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தவறு எவ்வளவு நம்பத்தக்க சாட்சி என்பதைப் பொறுத்தது.

இதைக் கணக்காக எழுதி வைத்தவர் ஒரு போதகர் என்று அறிந்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் பிரெஸ்பிட்டேரியன் சபையின் குருவாக இருந்த தாமஸ் பேய்ஸ். (தமிழில் எழுதினால் பெயர் சற்றுப் பயமுறுத்துகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) அவர் 1761ல் மரித்தார். அவருடைய காகிதங்களில் கிடந்த கட்டுரையை அவருடைய நண்பரும் இன்னொரு போதகருமான ரிச்சர்ட் பிரைஸ் 1763ல் அச்சேற்றினார். நமக்கு ஏற்கெனவே உள்ள அறிவையும் இப்போது வந்த புதிய சாட்சியையும் எப்படிச் சேர்த்து எடைபோடுவது என்பதே அதன் பொருள். தராசின் ஒரு தட்டில் பழைய அனுபவம், இன்னொரு தட்டில் புதிய செய்தி. எது அதிக உறுதியானதோ அதற்கு அதிக எடை.

மனிதருடைய கை உண்மையிலேயே இந்தப் போதகரின் கணக்குப்படி நடக்கிறதா என்று லண்டனில் கோன்ராட் கோர்டிங், டேனியல் உல்பர்ட் என்ற இருவர் சோதித்து 2004ல் வெளியிட்டார்கள். சோதனைக்கு வந்தவர் தம்முடைய கையைப் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டார்கள். கைக்குப் பதிலாக ஒரு புள்ளி தெரியும். ஆனால் அந்தப் புள்ளியை அவருக்குத் தெரியாமல் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் தூரம் மாறும், சராசரியாக ஒரு சென்டிமீட்டர். கை பாதி வழி போகும்போது கண்ணிமைக்கும் நேரம் புள்ளியைக் காட்டுவார்கள். சில தடவை தெளிவாக, சில தடவை பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல மங்கலாக, சில தடவை காட்டாமலே. பலமுறை பழகிய பிறகு என்ன நடந்தது? புள்ளி தெளிவாகத் தெரிந்தபோது கண்ணை நம்பித் திருத்தினார்கள். மங்கலானபோது, இதுவரை பழகிய சராசரியை நோக்கிச் சாய்ந்தார்கள். ஒன்றுமே தெரியாதபோது அந்த ஒரு சென்டிமீட்டரையே நம்பிக் கையை நகர்த்தினார்கள். அவர்கள் யாரும் கணக்குப் போடவில்லை. கை தானாகவே எடைபோட்டது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எனக்கு இது விளங்கச் சில நாள் பிடித்தது. நிச்சயமின்மை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, வருகிற செய்தியிலுள்ள நிச்சயமின்மை. மற்றது, என் உடம்பைப் பற்றி எனக்கே உள்ள நிச்சயமின்மை. இந்த இரண்டும் கற்றுக்கொள்ளும் வேகத்தை எதிர் எதிர்த் திசையில் இழுக்கின்றன. 2008லும் 2010லும் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டின. காண்பிக்கும் தவறை மங்கலாக்கினால் மனிதர் மெதுவாகக் கற்கிறார்கள். மங்கலான சாட்சியை நம்பி அவசரப்பட்டு மாறுவது புத்தியல்ல என்று மூளை கருதுகிறது. அதற்கு மாறாக, தன் கையின் நிலையைப் பற்றி மூளைக்கே சந்தேகம் வரும்படி செய்துவிட்டுப் பிறகு தெளிவான செய்தியைக் காட்டினால் வேகமாகக் கற்கிறார்கள். பழைய தட்டின் எடை குறைந்துவிட்டதல்லவா?

நம் மீனவர் மாவுக்கட்டைப் பிரித்த நாளில் இருந்த நிலையைப் பாருங்கள். தம் காலைப் பற்றிய பழைய அறிவு அவருக்குப் பயன்படவில்லை. அது ஒருவகையில் நல்ல வேளை. வேகமாகக் கற்கத் தகுந்த வேளை. ஆனால் அவருக்கு வருகிற செய்தியோ மங்கல். பாதத்தின் தோல் மரத்துப்போயிருக்கிறது. கால் தரையைத் தொட்டதா இல்லையா என்று உள்ளங்கால் சொல்லவில்லை. ஆகையால்தான் எங்கள் சகோதரி அவர் முன்னே ஆளுயரக் கண்ணாடியை வைக்கிறார். காலைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறார். தோல் சொல்ல முடியாததைக் கண் சொல்லட்டும் என்று. அந்தக் கண்ணாடி அழகுக்கு அல்ல என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. முதல் வாரம் முழுவதும் அதே நாற்காலி, அதே வேளை, அதே சொல். உள்ளே திருப்பு, விடு. உள்ளே திருப்பு, விடு. பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2014ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு வெளிச்சம் தந்தது. கைப்பிடியைப் பிடித்துக் கையை நகர்த்தும்போது ஓர் இயந்திரம் பக்கவாட்டில் தள்ளும். தள்ளுகிற திசை நெடுநேரம் மாறாமல் நிலைத்திருந்தால், ஒரே அளவு தவறிலிருந்து மூளை அதிகமாகக் கற்றுக்கொள்கிறது. திசை அடிக்கடி மாறினால், இந்தத் தவறை நம்பிப் பயனில்லை என்று குறைவாகக் கற்றுக்கொள்கிறது. ஆக, முதல் நாட்களில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்லிக்கொடுத்தால், நோயாளியின் மூளை தன் தவறுகளையே பொருட்படுத்தாமல் விட்டுவிடும் என்று நான் நினைக்கிறேன். இது சோதனைக்கூடத்திலிருந்து எங்கள் வார்டுக்கு நானே போட்டுக்கொண்ட பாலம். ஆனால் சகோதரி தலையசைத்தார்.

இந்த வேலை நம் பகுதியில் எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. நம் கொல்லிமலையில் 1914ல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு டாக்டர் ராபர்ட் காக்ரன் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்தார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தம் கையை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். வலி தாங்க முடியாத பிடி! முடங்கிய கை என்று எல்லாரும் நினைத்த கையில் பலமுள்ள தசைகள் இருக்கின்றன என்று அந்த வலியில் கண்டுகொண்டார். அப்படியானால் பலமுள்ள தசையின் நாணை, பலமற்ற இடத்துக்கு மாற்றலாமே? வேலூரில் அந்த அறுவைகள் தொடங்கின. ஆனால் கத்தியோடு வேலை முடியவில்லை என்பதை அவர் சீக்கிரமே உணர்ந்தார். மாற்றிய தசையைப் புதிய வேலைக்குப் பழக்க வேண்டும், பழகிய கையைக் காயப்படுத்தாமல் தொழில் செய்யவும் கற்றுத்தர வேண்டும். அதற்காகவே கல்லூரி வளாகத்தில் நவ ஜீவ நிலையம் எழுந்தது. குடிசைகளில் தங்கித் தச்சு வேலை முதலியவற்றைக் கற்றார்கள். நம் பெரியவரின் கேள்வி அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள்!

பிராண்ட் பலமுறை சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. துருப்பிடித்த ஒரு பூட்டைத் திறக்க அவர் திணறியபோது, தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்து சாவியை ஒரே திருப்பில் திருப்பிவிட்டான். பார்த்தால், அவன் விரல் எலும்பு தெரிய வெட்டுண்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. அந்தப் பையனுடைய பலம் அமானுஷ்யமானது அல்ல. எவ்வளவு அழுத்தினால் போதும் என்று விரல் சொல்லாததால் அவன் அளவுக்கு மீறி அழுத்தினான். ஸ்வீடன் நாட்டில் ஊமியோ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் யோஹான்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1980களில் இதை அளந்து பார்த்தார்கள். நாம் ஒரு பொருளைப் பிடிக்கும்போது, அது நழுவாதிருக்கத் தேவையான பலத்துக்குமேல் சிறிதளவே கூட்டிப் பிடிக்கிறோம். விரல் நுனியை மரத்துப்போகச் செய்தால் அந்த அளவு கணக்குத் தவறி, தேவைக்கு மிஞ்சி இறுக்கிப் பிடிக்கிறோம். நிச்சயமில்லாதபோது பாதுகாப்புக்காகக் கூட்டிப் பிடிப்பது மூளையின் தந்திரம். மற்றவருக்கு அது நன்மை. தொழுநோய் கண்டவருக்கோ அதுவே புண்ணுக்கு வழி. சம்மட்டியை இறுக்கிப் பிடித்து இறுக்கிப் பிடித்து உள்ளங்கை கிழியும். ஆகவே கைப்பிடிகளைத் தடிமனாக்குவது, மிருதுவான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு கொடுப்பது, இரவில் கையையும் காலையும் கண்ணால் தடவிப் பார்க்கப் பழக்குவது எல்லாம் அறுவையோடு சேர்ந்த சிகிச்சையே.

டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரையும் இங்கே நினைக்கிறேன். வேலூரில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954ல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். உட்காருவதையே மறுபடி கற்க வேண்டியிருந்தது. நாற்காலி தம்மைத் தாங்குகிறதா சாய்க்கிறதா என்று உடம்பு சொல்லாதபோது உட்காருவதும் ஒரு வித்தைதான். பின்பு அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இப்போது அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தொழுநோய் ஒழிந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2005 இறுதியில் நம் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழாகக் குறைந்தது உண்மை. ஆயினும் 2022ல் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பக்கவாதம், விபத்து, சர்க்கரை நோயால் மரத்த கால் என்று எங்கள் பிசியோதெரபி அறைக்கு வருகிற மற்றவர்களுக்கும் இதே பாடம்தான்.

மீனவரிடம் திரும்புவோம். மூன்றாம் வாரத்தில் அவர் "தூக்கு" என்று நினைத்தாலே பாதம் எழும்பத் தொடங்கியது. "திருப்பு" என்ற சொல் தேவைப்படவில்லை. அப்போதுதான் சகோதரி தலைகீழாக மாறினார். இதுவரை எதையும் மாற்றாதவர், இப்போது எல்லாவற்றையும் மாற்றினார். ஒரு நாள் சிமெண்டுத் தரை, ஒரு நாள் சரளை, ஒரு நாள் படிக்கட்டு, ஒரு நாள் பாயை மடித்துப் போட்டு அதன்மேல். ஏன் என்றேன். 1978ல் கெர், பூத் என்ற இருவர் பிள்ளைகளைச் சிறு பைகளை வீசப் பழக்கினார்களாம். ஒரு கூட்டம் மூன்றடி தூரத்திலிருந்து மட்டுமே பழகியது. மற்றக் கூட்டம் இரண்டடியிலும் நாலடியிலும் பழகியது, மூன்றடியில் பழகவே இல்லை. கடைசியில் மூன்றடித் தேர்வில் இரண்டாம் கூட்டமே நன்றாக வீசியது. அடிப்படை பிடிபட்ட பிறகு, மாறி மாறி வரும் பயிற்சிதான் பழகாத இடத்துக்கும் உதவுகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மட்டுமே நடந்து பழகியவர் வராந்தாவில் மட்டுமே நன்றாக நடப்பார். இவருக்கோ மணலும் ஆடுகிற படகும் காத்திருக்கின்றன.

படகில் போகலாமா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மருத்துவர் உடனே சம்மதிக்கவில்லை. அறுவை பாதத்தைத் தூக்கக் கொடுத்ததேயல்லாமல் உணர்வைத் திருப்பிக் கொடுக்கவில்லை. படகிலிருந்து குதித்தால் கால் எதன்மேல் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. முதலில் கரையில் ஏற்றி நிறுத்திய பைபர் படகில், அவருடைய மகன் பக்கத்தைப் பிடித்து ஆட்ட, உள்ளே நின்று பழகினார். குப்பத்துப் பிள்ளைகள் கூடிச் சிரித்தார்களாம். அவரும் சிரித்திருக்கிறார்.

சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தார். அலை தணிந்த நாட்களில் பின்பக்கம் அமர்ந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறாராம். இறங்கும்போது குதிப்பதில்லை, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்போடு இறங்குகிறார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். புண் இல்லை. செருப்பின் வார் மட்டும் உப்புத் தண்ணீரில் அரித்துப்போயிருந்தது. புதிய வார் தைத்துக் கொடுத்தோம்.